டான் கேன்ஹாமை எப்படி எடைபோடுவது? மிச்சிகனின் முன்னாள் விளையாட்டுத் துறை இயக்குநர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த டான் கேன்ஹாம்?

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் 1988 வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர். அதே பல்கலைக்கழக மாணவர். 1940ல் உயரம் தாண்டுதலில் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் பெற்றவர். 1948ல் தடகளத் தலைமைப் பயிற்சியாளராகி இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பள்ளிகளுக்கு விளையாட்டுச் சாதனங்களும் பயிற்சிப் படங்களும் விற்கும் சொந்தத் தொழிலும் நடத்தி வந்தார். 2005 மே மாதம் 87 வயதில் காலமானார். பல்கலைக்கழகத்தின் நீச்சல் அரங்கம் அவர் பெயரைத் தாங்கியது.

விளையாட்டுத் துறை இயக்குநர் என்றால் நம் கல்லூரிகளின் பி.டி. சார் மாதிரியா?

இல்லை. நம் ஊர் உடற்கல்வி இயக்குநர் மைதானத்தில் நிற்பவர். அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகத்தில் இந்தப் பதவி ஒரு நடுத்தர நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு நிகர். பயிற்சியாளர்களை நியமிப்பதும் நீக்குவதும், டிக்கெட் விலை, அரங்கக் கட்டுமானம், தொலைக்காட்சி வருமானம், மாணவ வீரர்களின் உதவித்தொகை, விதிமுறை மீறல் கண்காணிப்பு எல்லாம் இவர் கையில். மிச்சிகனில் இந்தத் துறை தன் வருமானத்திலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. அந்த வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்திலிருந்து வருகிறது. (இனி இங்கே 'கால்பந்து' என்று வருவதெல்லாம் அந்த ஆட்டம்தான்.)

இத்தனை இயக்குநர்கள் இருக்க, ஏன் இவரை எடுத்துக்கொள்கிறீர்கள்?

இவரிடம் கணக்கின் எல்லாப் பக்கமும் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை விற்கக் கற்றுக்கொடுத்தவர் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. பெண்கள் அணிகளுக்கு வழிவிட மறுத்தவர் என்று சொல்பவர்கள் உண்டு. இவர் காலத்தில் துறையின் வீரர்களைப் பரிசோதித்த ஒரு மருத்துவர் செய்த கொடுமை, இவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து வெளியுலகுக்கு வந்தது. மூன்றுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காமல் எழுதுவது எப்படி என்று பழக இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காலியாகக் கிடந்த அரங்கை நிரப்பியவர் என்கிறார்கள். அது எவ்வளவு உண்மை?

பெருமளவு உண்மை. 1968ல் மிச்சிகன் அரங்கின் இருக்கைகள் 1,01,001. அந்தக் காலச் சராசரிக் கூட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. ஐம்பது மைல் தொலைவுக்குள் டெட்ராய்ட் நகரம், அங்கே தொழில்முறை அணிகள். சனிக்கிழமை மதியம் ஆன் ஆர்பர் வரை காரோட்டி வர ஒரு காரணம் வேண்டும்.

கேன்ஹாம் எடுத்த வழி நேரடி அஞ்சல். பழைய மாணவர் பட்டியலோடு நிற்காமல் மாநிலத்தின் சாதாரண வீடுகளுக்கு லட்சக்கணக்கில் விளம்பரத் தாள்களை அனுப்பினார். அந்தத் தாள்கள் ஆட்டத்தை விற்கவில்லை, நாளை விற்றன. இலையுதிர்காலச் சனிக்கிழமை, வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு புல்வெளியில் சாப்பாடு, வாத்தியக் குழு, பிறகு ஆட்டம். குடும்பச் செலவை முடிவு செய்பவர்களில் பெண்களும் உண்டு என்று கணக்குப் போட்டு அவர்களை நோக்கி எழுதினார். டிக்கெட் விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகப் பெயர் பொறித்த பொருட்களையும் விற்றார். இன்று எல்லாப் பல்கலைக்கழகமும் செய்வதுதான். 1970களின் தொடக்கத்தில் இப்படி ஒழுங்காகச் செய்தவர்கள் மிகச் சிலர்.

இவ்வளவு விற்றவர் அரங்கத்துக்குள் விளம்பரப் பலகை வைக்க விடவில்லை. உள்ளே வந்தவனிடம் திரும்பவும் விற்கக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு அவரது நல்ல முடிவுகளில் ஒன்று.

கூட்டம் வந்தது ஜெயித்ததால்தானே? அதற்கு இயக்குநருக்கு என்ன பெருமை?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெரிய எதிரணி வரும் ஆட்டங்களை ஒதுக்கி வையுங்கள். ஒஹாயோ ஸ்டேட் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆன் ஆர்பர் வரும். அந்த நாளில் எதிரணி ரசிகர்களே பல ஆயிரம் டிக்கெட் வாங்குவார்கள். 1969 நவம்பர் 22 அன்று 1,03,588 பேர் வந்தார்கள் என்பது கேன்ஹாமின் திறமைக்குச் சான்றாகாது. அந்த ஆட்டத்துக்கு யார் இயக்குநராக இருந்தாலும் கூட்டம் வந்திருக்கும்.

பார்க்க வேண்டியது சுமாரான அணிகள் வந்த நாட்களை. 1975 அக்டோபர் 25, இந்தியானாவுடன் ஆட்டம்: ஒரு லட்சத்துக்குக் கீழே. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 8, பர்டியூவுடன் ஆட்டம்: 1,02,415. அன்றிலிருந்து ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் என்ற தொடர் ஆரம்பித்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. கொரோனாவால் அரங்கம் பார்வையாளர்களுக்கு மூடிக்கிடந்த 2020ஐ மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. பர்டியூ ஆட்டத்துக்கே லட்சம் பேர் வருகிறார்கள் என்றால், மக்கள் எதிரணிக்காக வரவில்லை, பழக்கமாக வருகிறார்கள். பழக்கம் உண்டாக்கியது விற்பனை. பழக்கத்தைக் காப்பாற்றியது வெற்றி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடர் அறுந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அரங்கக் கூட்ட எண்ணிக்கைகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். விற்ற டிக்கெட் வேறு, வாசலில் நுழைந்தவர் எண்ணிக்கை வேறு. சில பல்கலைக்கழகங்கள் வாத்தியக் குழு, பத்திரிகையாளர், ஊழியர் எல்லாரையும் சேர்த்தே அறிவிக்கின்றன. ஒரே அரங்கத்தை ஒரே முறையில் எண்ணியதை வேறு ஆண்டோடு ஒப்பிடலாம். இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது முதலில் எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள்.

போ ஷெம்பெக்லரை நியமித்தது அவரது மிகப் பெரிய முடிவா?

ஆம். 1968 டிசம்பர் இறுதியில் ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தார். வயது 39, அங்கே ஆறு பருவத்தில் 40 வெற்றி, 17 தோல்வி, 3 சமன். நாடறிந்த பெயர் இல்லை. சம்பளம் 21,000 டாலர். விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்றைக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர். இன்று அதே பதவிக்குப் பல மில்லியன் டாலர். அடுத்த 21 பருவத்தில் ஷெம்பெக்லர் 194 வெற்றி, 48 தோல்வி, 5 சமன். மிச்சிகன் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னின் பட்டம் 13 முறை, தனித்தோ பகிர்ந்தோ. தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை.

நியமனத்தை எடைபோடும்போது பலர் சறுக்கும் இடம் காலக் கணக்கு. புதிய பயிற்சியாளரின் முதல் இரண்டு ஆண்டு அணி, முந்தையவர் சேர்த்த பிள்ளைகள். 1969ல் ஒஹாயோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்திய அணியைப் பெரும்பாலும் சேர்த்தவர் முந்தைய பயிற்சியாளர் பம்ப் எலியட். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பந்தை எலியட் கையில்தான் கொடுத்தார்கள். மரியாதைக்குச் செய்தது மட்டுமல்ல, கணக்கும் சரிதான்.

அதனால் பயிற்சியாளரின் மூன்றாம் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இயக்குநர் போன பிறகும் மூன்று நான்கு ஆண்டு அவர் கணக்கு ஓடும் என்றும் வையுங்கள். 1989 ஏப்ரலில் மிச்சிகன் கூடைப்பந்து அணி சீட்டன் ஹாலை 80-79 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. அப்போது இயக்குநர் நாற்காலியில், கேன்ஹாமுக்குப் பின் வந்த ஷெம்பெக்லர். அந்த அணியைச் சேர்த்த பில் ஃப்ரீடரோ 1980ல் கேன்ஹாம் காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர்.

இன்னொரு சோதனையும் உண்டு. கால்பந்தை எடுத்துவிட்டு மீதி நியமனங்களை மட்டும் எழுதிப் பாருங்கள். மிச்சிகனிலிருந்து அயோவாவுக்கு ஆண்கள் விளையாட்டு இயக்குநராகப் போன அதே பம்ப் எலியட், அங்கே கூடைப்பந்துக்கு லூட் ஓல்சன், மல்யுத்தத்துக்கு டான் கேபிள், கால்பந்துக்கு ஹேடன் ஃப்ரை என்று மூன்று துறையிலும் தூண்களை நிறுத்தினார். ஆள் தேர்வு என்ற ஒரே அளவுகோலில் எலியட்டின் பட்டியல் கேன்ஹாமின் பட்டியலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் பெயர் கேன்ஹாமுக்குத்தான்.

பணக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

முதல் வேலை விலைவாசியைக் கழிப்பது. 1968க்கும் 1988க்கும் இடையே அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 34.8லிருந்து 118.3 ஆனது, அதாவது 3.4 மடங்கு. இருபது ஆண்டில் வருமானம் மூன்று மடங்கானது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் உண்மையில் அது குறைந்திருக்கிறது. கழிக்காமல் எழுதும் வாழ்த்துக் கட்டுரைகள் ஏராளம்.

பிறகு வருமானத்தை மூன்றாகப் பிரியுங்கள்: டிக்கெட், தொலைக்காட்சி மற்றும் கூட்டமைப்புப் பங்கு, நன்கொடை மற்றும் விற்பனை. டிக்கெட்டும் விற்பனையும் இயக்குநரின் உழைப்பை ஓரளவு காட்டும். தொலைக்காட்சிப் பங்கு அப்படி இல்லை. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கால்பந்து ஒளிபரப்பில், கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த கட்டுப்பாட்டை உடைத்தது. அதற்குப் பின் வந்த மாற்றங்களைத் தனி ஒரு இயக்குநரின் வரவில் எழுதுவது தவறு.

கட்டடங்களில் கட்டியதைவிட, இருந்ததை மாற்றியதைக் கவனியுங்கள். 1973ல் பழைய யோஸ்ட் உள்ளரங்கைப் பனி அரங்கமாக மாற்றி ஹாக்கி அணிக்குக் கொடுத்தார். சுவரும் கூரையும் ஏற்கெனவே இருந்தன. சிக்கனமான, இன்றுவரை உழைக்கும் முடிவு.

கைவிட்டுப்போன முடிவும் உண்டு. 1969ல் அரங்கில் செயற்கைத் தரை போட்டார். மழையில் சேறாகாது, பராமரிப்பு குறைவு என்பது அன்றைய கணக்கு. அந்தக் காலச் செயற்கைத் தரை கடினமானது, ஷூ சிக்கினால் முழங்கால் திரும்பும். 1991ல் மிச்சிகன் மறுபடி புல்லுக்கே போனது. 1969ல் பல பல்கலைக்கழகங்கள் இதையே செய்ததால் இதை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. காயங்கள் தெரிய வந்த பிறகும் எத்தனை ஆண்டு மாற்றாமல் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

பெண்கள் விளையாட்டு விஷயத்தில் அவர் செய்தது என்ன?

1972 ஜூன் 23ல் வந்த டைட்டில் நைன் சட்டம், மத்திய அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்றானபோது கேன்ஹாம் வெளிப்படையாக எதிர்த்தார். கால்பந்து சம்பாதிப்பதை மற்றவற்றுக்குப் பிரித்துக்கொடுத்தால் எல்லாமே கவிழும் என்பது அவர் வாதம். மிச்சிகனில் பெண்களுக்குப் பல்கலைக்கழக அந்தஸ்துள்ள அணிகள் 1973-74ல் தான் வந்தன, ஆறு விளையாட்டுகளில். அவற்றைக் கவனித்தவர் மாரி ஹார்ட்விக். அவருக்குப் பின் வர்ஜீனியா ஹண்ட், பிறகு ஃபிலிஸ் ஆக்கர்.

இதில் ஒரு பொருளை மட்டும் அருகில் வைத்துப் பாருங்கள். மிச்சிகனில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஆண் வீரனுக்கு மஞ்சள் நிறப் பெரிய 'எம்' எழுத்துத் தைத்த மேலங்கி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு வளாகத்தில் நடப்பதுதான் அந்த ஊரில் கௌரவம். பெண்களுக்கும் அதே எழுத்தைக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஷெம்பெக்லர் உட்பட ஆண்கள் அணிப் பயிற்சியாளர்கள் எதிர்த்தார்கள். பெண்களுக்கு வேறு வடிவ விருது போதும் என்று முடிந்தது. அதே மேலங்கி பெண்களுக்குக் கிடைத்தது 1991ல், கேன்ஹாம் ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து.

கால்பந்து கவிழும் என்ற வாதத்தை வரவு செலவுக் கணக்கு என்று யாரேனும் மன்னிக்கலாம். துணியில் தைக்கும் ஓர் எழுத்துக்கு என்ன செலவு? இந்த ஒரு விஷயம், பணமில்லை என்பது முழுக் காரணமல்ல என்று காட்டிவிடுகிறது.

அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?

நல்ல கேள்வி. ஆனால் பதில் 'காலம் அப்படி' என்பதோடு முடியாது. அதே காலத்தில், அதே கூட்டமைப்பில், அதே சட்டத்தின் கீழ் வேறு யார் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அயோவா பல்கலைக்கழகத்தில் 1973ல் கிறிஸ்டின் கிராண்ட் பெண்கள் விளையாட்டுத் துறைக்குத் தனி இயக்குநரானார். 2000 வரை இருந்தார். 1983ல் கூடைப்பந்துக்கு சி. விவியன் ஸ்ட்ரிங்கரை அழைத்து வந்தார். டைட்டில் நைனைக் காக்க நாடு முழுக்க வாதாடினார். அயோவாவில் கால்பந்து கவிழவில்லை. ஹேடன் ஃப்ரை அங்கே பருவ இறுதியின் பெருமைமிக்க ஆட்டமான ரோஸ் பவுலுக்கே போனார். டெக்சஸில் டோனா லோபியானோ 1975 முதல் 1992 வரை நடத்திய பெண்கள் துறை 18 தேசியப் பட்டங்கள் பெற்றது. ஆக, 1975லேயே வேறு மாதிரி முடிவெடுக்க முடிந்தது, எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இது இன்றைய அளவுகோல் இல்லை, அன்றைய அளவுகோலே.

அவர் பக்கம் எழுத வேண்டியதையும் எழுதுங்கள். சாஃப்ட்பால் பயிற்சியாளர் கேரல் ஹட்சின்ஸ் 1983ல் உதவியாளராக வந்து 1985ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனது கேன்ஹாம் காலத்தில்தான். 2005ல் தேசியப் பட்டம், 2022ல் ஓய்வு பெறும்போது மொத்தம் 1,707 வெற்றிகள். இந்தப் பெருமையில் எத்தனை பங்கு அந்தக் காலத் துறைக்கு? அவரை உள்ளே விட்டார்கள் என்ற அளவுக்கு. அதற்கு மேல் கொடுக்க முடியாது.

விதிமீறல் வழக்குகள் எதுவும் அவர் மீது இல்லையே?

'பதவியில் இருக்கும்போது தண்டனை இல்லை' என்ற வரியை நம்பி எழுதக் கூடாது. குற்றம் நடந்த ஆண்டையும் தண்டனை வந்த ஆண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிச்சிகன் பேஸ்பால் இதற்குப் பாடம். பயிற்சியாளர் பட் மிடாவ் 1980ல் வந்தார். கால்பந்து ஆட்ட நாளில் அச்சிட்ட நிகழ்ச்சிக் கையேடு விற்ற பணம், விதிக்கு மாறாக பேஸ்பால் வீரர்களுக்குப் போனது. 1989ல், ஷெம்பெக்லர் இயக்குநராக இருந்தபோது, மிடாவ் பதவி விலகினார். என்.சி.ஏ.ஏ. தண்டனையும் அதன் பிறகே. பத்திரிகைத் தலைப்பில் கேன்ஹாம் பெயர் இல்லை. ஆனால் பணம் கிளம்பிய இடம் அவர் பெருமைப்பட்ட அதே விற்பனை. ரொக்கமாக வரும் காசு, பல கை மாறும் கையேடு, எண்ணிச் சரிபார்க்காத மேசை. விற்பனையில் காட்டிய அக்கறை கணக்குச் சரிபார்ப்பில் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

மருத்துவர் ஆண்டர்சன் விவகாரத்தில் அவருக்கு என்ன பொறுப்பு?

ராபர்ட் ஆண்டர்சன் 1966 முதல் 2003 வரை பல்கலைக்கழக மருத்துவர். 2008ல் இறந்தார். பரிசோதனை என்ற பெயரில் விளையாட்டு வீரர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோரிடம் பாலியல் கொடுமை செய்தவர். 2018ல் முன்னாள் வீரர் ஒருவர் எழுதிய கடிதத்தால் காவல்துறை விசாரணை தொடங்கி, 2020 பிப்ரவரியில் செய்தி வெளிவந்தது. பல்கலைக்கழகம் அமர்த்திய வில்மர்ஹேல் சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 மே மாதம் வந்தது. 2022 ஜனவரியில் ஏறக்குறைய 1,050 பேருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு என்று ஒப்பந்தமானது.

கேன்ஹாமுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் சொல்லப்பட்டவற்றைச் சொன்னவர் பெயரில்தான் எழுத வேண்டும். ஷெம்பெக்லரின் மகன் மேட், 2021 ஜூனில் பகிரங்கமாகப் பேசினார். 1969ல் தான் தந்தையிடம் சொன்னதாகவும், கேன்ஹாம் மருத்துவரை நீக்கத் தயாராக இருந்ததாகவும், தந்தைதான் தக்கவைத்துக்கொண்டதாகவும் சொன்னார். ஒரு மல்யுத்த வீரர் 1975ல் தன் பயிற்சியாளருக்கு எழுதிய கடிதத்தில் மருத்துவரைப் பற்றியும் எழுதினார். அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போனது, கேன்ஹாமிடம் முறையிட்டும் பலனில்லை. இதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த இரண்டில் எது எந்த அளவு நிரூபணமானது என்ற வாதத்துக்கு அப்பால், நிர்வாகம் பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது. வீரனுக்குப் பரிசோதனை கட்டாயம். புகார் சொல்லப் பயிற்சியாளரைத் தவிர வேறு கதவு இல்லை. உதவித்தொகையும் ஆடும் வாய்ப்பும் அதே பயிற்சியாளர் கையில். அப்படிப்பட்ட துறையை இருபது ஆண்டு நடத்தியவர் கேன்ஹாம். பிற பல்கலைக்கழகங்களிலும் அன்று இதே அமைப்புதான் என்பது விளக்கம். அந்தப் பிள்ளைகளுக்கு அது எதையும் குறைக்கவில்லை.

முன்னாள் இயக்குநர் எவரையும் எடைபோடும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அணி மருத்துவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? பயிற்சியாளரைத் தாண்டிப் புகார் சொல்ல வழி இருந்ததா? புகார் சொன்னவர் அடுத்த ஆண்டு அணியில் இருந்தாரா? எழுத்தில் வந்த புகார் எந்தக் கோப்பில் போனது? மூன்றாவது கேள்விக்குப் பதில் பழைய அணிப் பட்டியலிலேயே கிடைக்கும். பெயர் ஏன் காணாமல் போனது என்று விசாரிக்க ஆரம்பிக்கலாம்.

நல்லதையும் கெட்டதையும் கூட்டிக் கழித்தால் என்ன வரும்?

கூட்டிக் கழிக்கக் கூடாது. லட்சம் பேர் அமர்ந்த அரங்கத்தின் வருமானம் அந்த மல்யுத்த வீரருக்கு எந்த ஈடும் செய்யவில்லை. அது வேறு ஏடு. விற்பனை, ஆள் தேர்வு, பெண்கள் பங்கு, வீரர் பாதுகாப்பு என்று நான்கு தனி ஏடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் தனித் தீர்ப்பு எழுதுங்கள். எங்கள் தீர்ப்பு: விற்பனையில் தன் காலத்தின் முதல்வர். ஆள் தேர்வில் சிறந்தவர்களில் ஒருவர். பெண்கள் விஷயத்தில், அன்றைய அளவுகோலிலேயே பின்தங்கியவர். வீரர் பாதுகாப்பில் தவறியவர்.

எண்கள் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. இதற்கும் மிச்சிகனிலேயே உதாரணம் உண்டு. 2010ல் இயக்குநரான டேவ் பிராண்டன் வருமானத்தைக் கூட்டினார், லக்ராஸ் அணிகளைச் சேர்த்தார். 2011 செப்டம்பர் 10ல் முதல் இரவு ஆட்டம் நடத்தி 1,14,804 பேரை வரவழைத்தார். ஆனால் மாணவர்களுக்கு டிக்கெட் விலை ஏறியது, இருக்கை முறையும் மாறியது, மாணவர் பகுதியில் ஓட்டை விழுந்தது. 2014 செப்டம்பரில் கோக் பாட்டில் வாங்கினால் டிக்கெட் என்ற சலுகை வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அதே மாதம் மின்னசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் மறுபடி களமிறக்கப்பட்டார். அதற்கான விளக்கம் இரண்டு நாள் கழித்து, நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. அக்டோபர் 31ல் பிராண்டன் பதவி விலகினார்.

கேன்ஹாம் புதியவர்களை அரங்குக்குள் இழுத்து வர விற்றார். பிராண்டன் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களிடம் கூடுதலாகக் கறந்தார். இரண்டுக்கும் பெயர் சந்தைப்படுத்தல்தான். மாணவர் டிக்கெட் எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

ஆதாரங்களை எங்கே தேடுவது?

மிச்சிகனுக்கென்றால் ஆன் ஆர்பரின் பென்ட்லி வரலாற்று நூலகம். விளையாட்டுத் துறைக் கோப்புகளும் விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆவணங்களும் அங்கே உள்ளன. மாணவர் நாளிதழான மிச்சிகன் டெய்லியின் பழைய இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகளை ஆன் ஆர்பர் மாவட்ட நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஓய்வு விழா மலர்களைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் படித்தால் மற்றதெல்லாம் அதன் நிறத்திலேயே தெரியும்.

1990களுக்குப் பிந்தைய இயக்குநர் என்றால் வேலை எளிது. 1994ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண், பெண் விளையாட்டு வீரர் எண்ணிக்கையையும் செலவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மிச்சிகன் போன்ற அரசுப் பல்கலைக்கழகம் என்றால், என்.சி.ஏ.ஏ.வுக்கு அனுப்பும் ஆண்டு நிதி அறிக்கையையும் மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கேட்கும்போது 'எல்லா ஆவணங்களும்' என்று எழுதாதீர்கள், நிராகரிப்பார்கள் அல்லது பெரிய கட்டணம் போடுவார்கள். ஆண்டையும் அறிக்கையின் பெயரையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கட்டடத்துக்கு வைத்த பெயரை நீக்க முடியுமா?

மிச்சிகனில் அதற்கு எழுதிய நடைமுறை உண்டு. 2017ல் பல்கலைக்கழக வரலாற்று ஆலோசனைக் குழு எட்டு கொள்கைகளை வகுத்தது. பெயர் வைத்தபோது போதிய ஆராய்ச்சி நடந்ததா, அன்றைய சூழல் என்ன, அந்தப் பெயர் இன்று யாரைப் பாதிக்கிறது, இதே போன்ற மற்றப் பெயர்களுக்கும் ஒரே நீதியா என்பவை அவற்றுள் சில. நீக்கச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். கோரிக்கை தலைவருக்குப் போய், குழுவுக்குப் போய், முடிவு ரீஜெண்ட்ஸ் எனும் ஆட்சிக் குழுவிடம் வரும். 2018ல் இந்த வழியில் சி.சி. லிட்டில் என்ற முன்னாள் தலைவரின் பெயர் அறிவியல் கட்டடத்திலிருந்து நீக்கப்பட்டது.

முன்னாள் விளையாட்டு இயக்குநர் ஒருவரின் பெயரும் இதே மேசைக்கு வந்திருக்கிறது. 1921 முதல் 1941 வரை இயக்குநராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட். 1934 அக்டோபரில் ஜார்ஜியா டெக் அணி கறுப்பின வீரருக்கு எதிராக ஆட மறுத்தபோது, மிச்சிகன் தன் வீரர் வில்லிஸ் வார்டை வெளியே உட்கார வைத்தது. அதற்கு யோஸ்டின் பொறுப்பை ஆராய்ந்த குழு, பனி அரங்கிலிருந்து அவர் பெயரை நீக்கலாம் என்று 2021 மே மாதம் ஒருமனதாகப் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, ரீஜெண்ட்ஸின் முடிவு வேறு என்பதை எழுதும்போது மறக்காதீர்கள். கேன்ஹாம் பெயரில் கோரிக்கை வைக்க விரும்புபவர் அந்தப் பரிந்துரையை முதலில் முழுதாகப் படிக்க வேண்டும். 1934ன் ஒரு சனிக்கிழமைக்கு யார் எந்தக் கடிதம் எழுதினார்கள் என்று நாள் வாரியாக வைத்திருக்கிறார்கள். 1975ன் கடிதத்துக்கும் அதே மாதிரி நாள் வாரியாக ஒரு தாள் தயாரிக்க வேண்டும். கடிதம் வந்த தேதி, அது யார் மேசைக்குப் போனது, உதவித்தொகை நின்ற தேதி, முறையீட்டுக்கு வந்த பதில்.